முந்தித் திறந்த கதவு

தை மாதத்தின் இரண்டாம் வாரத்தில், ஓசூரின் காலைப்பொழுது எட்டு மணி வரையிலும் பனிக்கே உரியதாயிருக்கும். இரவு ஷிப்டு முடித்தோரை இறக்கிவிட்டு வரும் கம்பெனிப் பேருந்துகள் தளிச் சாலையில் விளக்கை அணைக்காமலேயே ஊர்ந்து செல்லும். அத்தகைய ஒரு வியாழக்கிழமையன்று வெங்கடப்பனின் வெள்ளை வேன், முன்கதவுகள் இரண்டும் திறந்து கயிற்றால் கட்டப்பட்ட நிலையில், லால் பாஷாவின் பட்டறை வாசலில் வந்து நின்றது.

வெங்கடப்பன் ஓட்டிவந்தார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி சென்னம்மாள், நான்காக மடித்து நனைத்த ஒரு சாக்கின்மீது அமர்ந்திருந்தார். சிறிய காருக்குரிய எஞ்சினையே அந்த வேன் பெற்றிருந்தது. அதுவும் முன்னிருக்கைகளுக்கு நேர் அடியில் அமைந்திருந்தது. அந்த எஞ்சின் முற்றிலும் பிரிக்கப்பட்டு, புதிய பிஸ்டன்களும் புதிய பேரிங்குகளும் பொருத்தப்பட்டு, இப்பட்டறையிலிருந்து வெளியேறி இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

"பாஷா! ஏ பாஷா! வெளிய வாய்யா! உங்க பட்டறைல கட்டின எஞ்சின் என்னா வேல பண்ணி வச்சிருக்குதுன்னு வந்து பாரு!"

மண்ணெண்ணெய்த் தொட்டியில் கியர்ச் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்த தில்ஷாத், கைகளைத் துடைத்தபடி எழுந்து வந்தாள்.

"அவரு டீக்கடைல இருக்காரு. எஞ்சின் கட்டினது நாந்தானண்ணா. என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க."

"உங்கிட்ட என்னாத்த சொல்றது? ஒக்காந்து பாரு. ஒரு நிமிசம் ஒக்காந்து பாரும்மா, தெரியும்."

"சீட்டா இது?" என்று சென்னம்மாள் சாக்கை உதறிக்கொண்டு இறங்கினார். "தோசக்கல்லு. தளிலேர்ந்து ரெண்டு தடவ சாக்க நனச்சன். சரி, நாங்க எப்பிடியோ போறோம். பூவ நோடு! வந்து பூவ நோடம்மா!"

சினம் வந்தால் சென்னம்மாளின் பேச்சில் கன்னடம் தானாகவே கலந்துவிடும். அவர் பின்கதவைத் தூக்கிக் காட்டினார். பூ மார்க்கெட்டில் எவரும் வாங்காமல் மீண்டுவந்த ரோஜாக் கட்டுகள் அங்கே கிடந்தன. பின்வரிசைக் கட்டுகள் மொட்டு மாறாமல் இருந்தன. முன்னிருக்கையை ஒட்டி அடுக்கியவை மட்டும், நண்பகல் வெயிலில் கிடந்தவை போல இதழ் விரிந்து தளர்ந்திருந்தன.

தில்ஷாத் இருக்கையைத் தூக்கினாள். முகத்தில் அறைந்தாற்போல் வெப்பம் எழுந்தது. எரிந்த புகை எஞ்சினிலிருந்து வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயின் வளைவில், அணையும் அடுப்புக்கரியின் சிவப்பு தெரிந்தது. அவள் உடனே வண்டியின் வெப்பமானியைப் பார்த்தாள். முள் பாதிக்கும் கீழே நின்றது.

"தண்ணி கொதிக்கலியா?"

"இல்ல. தண்ணி ஜில்லுனு இருக்குது. அதான் எனக்கு புரியல. எஞ்சின் சூடே இல்ல, கொழாய் மட்டும் பழுக்குது. இங்க பாரும்மா, ரெண்டு மணி வரைக்கும் பாப்பன். அதுக்கு மேல கயிறு கட்டி ஆனேக்கல்லு பட்டறைக்கு இழுத்துக்கினு போயிடுவன். அங்க பிரிச்சு பாக்கட்டும்."

பிறர் கையால் பிரிக்கப்படும் எஞ்சின் எத்தகைய பேச்சைப் பிறப்பிக்கும் என்பதைத் தில்ஷாத் அறிவாள். ஆனேக்கல்லில் மாலைக்குள் சொல்லப்படுவது, மறுநாள் விடியலில் பூ மார்க்கெட்டுக்கு வரும் முப்பது வேன்காரர்களுக்கும் தெரிந்துவிடும்.

அவள் பதினோரு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில், எஞ்சின் பொருத்தும் வரிசையில், ஒப்பந்தத் தொழிலாளியாக நின்றவள். ஒப்பந்தம் முடிந்தபின் நான்கு ஆண்டுகளாக, கணவனின் பட்டறைக்கு வந்த எஞ்சின்கள் அனைத்தையும் அவளே கட்டினாள். லால் பாஷா தகரவேலையிலும் வெல்டிங்கிலும் வல்லவன். எஞ்சினுக்குள் கை வைப்பதை அவன் விரும்பியதில்லை. ஆயினும் பலகையில் இருந்தது அவன் பெயர். எஞ்சின் நன்றாக ஓடுகிறதென்று வாடிக்கையாளர் பாராட்டும்போதெல்லாம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவள் உள்ளே தேநீர் வடிகட்டுவாள். இம்முறைதான், "யாரு கட்டப் போறது?" என்று வெங்கடப்பன் கேட்டபோது, "என் சம்சாரம். இதுவரைக்கும் கட்டினதும் அவதான்" என்று அவன் வாய்திறந்து சொன்னான். வெங்கடப்பன் வெகுநேரம் யோசித்தார். சென்னம்மாள்தான், "அவ கை சுத்தமா இருக்குது. குடு" என்று முடிவு சொன்னவர். ஆகவே, அவள் பெயரால் சாலைக்குச் சென்ற முதல் எஞ்சின் இதுவே. அதுதான் இப்போது சிவந்து நின்றது.

லால் பாஷா கையில் டீ டம்ளருடன் ஓடிவந்தான். எதிர்ப்புறத்துப் பெரிய பட்டறையின் உரிமையாளர் குருமூர்த்தி, வேலையே இல்லாதவர் போலச் சாலையைக் கடந்து அவனுக்குப் பின்னால் வந்தார்.

"என்னா வெங்கடப்பா, காலைலயே கச்சேரி?" என்று குருமூர்த்தி குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா! இதுல சப்பாத்தியே சுடலாம். பாஷா, ஒன்னும் கவலப்படாத. பொம்பளைங்க கை பட்டா எல்லாமே அடுப்பாத்தான் ஆவும்."

"குரு, மொதல்ல உன் வாய்க்கு ஒரு சைலன்சர் வாங்கி மாட்டு. நானே வெல்டிங் வச்சு தரன்" என்றான் லால் பாஷா.

வெங்கடப்பன்கூடச் சிரித்துவிட்டார். தில்ஷாத் சிரிக்கவில்லை.

"குருண்ணா, நீங்களே சொல்லுங்க. என்னாவா இருக்கும்?"

எதிர்பாராமல் கேள்வி தம்மிடம் வந்ததால் குருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "சைலன்சர் அடச்சிருக்கும். பொகை போவ வழியில்லன்னா கொழாயிலயே நின்னு பழுக்கும். இல்லன்னா பெட்ரோல் கம்மியா வருது. ரெண்டும் இல்லன்னா எஞ்சின் தலைய, ஹெட்ட கழட்ட வேண்டியதுதான். புது எஞ்சின், பாவம்."

"ரெண்டையும் பாத்துடலாம்" என்றாள் அவள்.

தொழிற்சாலை அவளுக்குக் கற்பித்த ஒழுங்கு யாதெனில், சந்தேகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அணுகுவது. ஒன்றை முற்றிலும் விலக்கிய பின்னரே மற்றொன்றைத் தொடுவது. முதலில் அவள் நான்கு பிளக்குகளைக் கழற்ற முற்பட்டு, பின் தன்னையே கடிந்துகொண்டாள். அந்த எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். பதற்றம் எண்ணிக்கையையும் மறக்கச் செய்கிறது. மூன்று பிளக்குகளையும் வெளியே எடுத்து, ஒரு செய்தித்தாளின்மீது வரிசையாக வைத்தாள். மூன்றின் முனைகளும் வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் இருந்தன.

"பெட்ரோல் கம்மின்னா இது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கணும். வெளுக்கல. பெட்ரோல் சரியா வருது" என்றாள்.

பின்னர் பிளக்குகளைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, காற்று உள்ளே செல்லும் பாதையின் இணைப்புகள் அனைத்திலும் சோப்புநீரைத் தெளித்துப் பார்த்தாள். எஞ்சினின் ஓசை மாறவில்லை. ஆகவே காற்றுக்கசிவும் இல்லை. அடுத்து லால் பாஷா வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சரைக் குழாயிலிருந்து முற்றிலுமாகப் பிரித்தான். தில்ஷாத் எஞ்சினை ஓடவிட்டாள். எழுந்த பேரொலியில் வேப்பமரத்துக் காகங்கள் கலைந்தன. எதிர்வரிசை இட்லிக்கடையில் நாகம்மா இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, உதடசைவு மட்டுமே தெரியும்படி ஏதோ வசைபாடினாள். வெளிச்சத்தை மறைப்பதற்காக வண்டியின்மீது தார்ப்பாயைப் போர்த்தியிருந்தனர். மூன்று நிமிடங்களில், சைலன்சரே இல்லாத அந்தக் குழாய் முன்போலவே சிவக்கத் தொடங்கியது.

"அடப்பும் இல்ல" என்று எஞ்சினை நிறுத்தினாள்.

"அப்ப ஹெட்டுதான்" என்றார் குருமூர்த்தி.

"இன்னும் இல்லண்ணா."

நெருப்புப்பொறி பற்றும் நேரத்தை அளக்கும் கைவிளக்கை லால் பாஷா கொண்டுவந்தான். ஓடும் எஞ்சினின்மீது அது மின்னி மின்னிக் காட்டிய அடையாளக்கோடு, இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. பொறியிலும் பிழை இல்லை. வெங்கடப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

தில்ஷாத் கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு, பொறியை மூன்று சிலிண்டர்களுக்கும் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையே நோக்கிக்கொண்டு நின்றாள். அதைச் சற்றே முன்னும் பின்னும் திருப்புவதற்கு ஒரு நீள்துளை உண்டு. முன்பு போல்ட் அத்துளையின் நடுவில்தான் இருந்தது. பல ஆண்டுகள் வாஷர் அழுந்திய வட்டத்தடம் பளபளப்பாக அங்கே தெரிந்தது. இப்போதோ போல்ட், அதற்குமேல் நகர இடமின்றி, துளையின் கடைக்கோடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க, இத யாரு இந்தாண்ட திருப்பினது?"

லால் பாஷா தலையைச் சொறிந்தான். "நாந்தான். அன்னிக்கு மொதமொத ஸ்டார்ட் பண்ணப்ப, நீ உள்ள சோறு வடிச்சுக்கினு இருந்த. டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துது. லைட் அடிச்சு பாத்தன், பொறி ரொம்ப முன்னால இருந்துது. பின்னால தள்ளினன், கடைசி வரைக்கும் தள்ளினப்பறந்தான் சரியாச்சு. புது எஞ்சின், அப்பிடித்தான் இருக்கும்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தம் நின்னுபோச்சு. அப்பறம் என்னாத்த சொல்றது?"

அவள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விடையின் பாதி அவள் கைக்கு வந்திருந்தது.

"அண்ணா, இங்க வந்து பாருங்க" என்று வெங்கடப்பனை அழைத்தாள். "பொறி சரின்னு லைட் சொல்லுது. ஆனா அத சரி பண்ண இத கடைசி வரைக்கும் தள்ள வேண்டியிருந்திருக்குது. முன்ன நடுவுலயே சரியா இருந்தது, இப்ப மூலைல போயித்தான் சரியா இருக்குதுன்னா, இத சுத்தற தண்டே முன்னால போயி நிக்குதுன்னு அர்த்தம். அதே தண்டுதான் பொகை போற கதவையும் தெறக்குது. உள்ள நெருப்பு எரிஞ்சு முடிக்கறதுக்குள்ள கதவு தெறந்துக்குது. மிச்ச நெருப்பு கொழாய்க்கு வந்துடுது. தண்ணி ஜில்லுனு இருக்கறதும் கொழாய் பழுக்கறதும் இதனாலதான்."

"எவ்ளோ முன்னால?"

"ஒரு பல்லு. அந்த தண்ட சுத்தற டைமிங் பெல்ட்டுல ஒரே ஒரு பல்லு."

"ஒரு பல்லுக்கா இம்மாம் கூத்து?" என்றார் சென்னம்மாள்.

"ஹெட்ட கழட்ட வேண்டாங்க்கா. முன்னாடி மூடிய மட்டும் கழட்டணும். ஆனா எஞ்சின் ஆறணும். ஒரு மணி நேரம் ஆவும்."

காத்திருத்தலைத் தவிர வேறு வேலை இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில், சென்னம்மாள் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். கேழ்வரகுக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் இருந்தன. பனிக்காலத்து அவரையை இரவு முழுதும் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்த பருப்பு அது. அதன் மணம் பெட்ரோல் நெடியையும் வென்று பரவியது. சண்டையிட வந்த வீட்டில் சாப்பிடலாமா என்ற ஐயம் வெங்கடப்பனுக்கு இருந்தது, சென்னம்மாளுக்கு இல்லை.

"தில்ஷாத்து, தட்டு எடுத்தாம்மா. கோவம் எஞ்சின் மேலதான், களி மேல இல்ல. குருமூர்த்தி, நீயும் ஒக்காரு. இவ்ளோ நேரம் ஓசில வேடிக்க பாத்தல்ல, ஓசில சாப்புட்டும் போ."

குருமூர்த்தி மறுப்பின்றி அமர்ந்தார். களியை உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்கியபடியே வெங்கடப்பன் முணுமுணுத்தார்.

"எனக்கு ஒன்னு வெளங்கல. நல்ல நேரம் பாத்துத்தான் பூச போட்டது. திங்கக்கெழம ராவுகாலம் முடிஞ்சு ஒம்பதர மணிக்கு, நான் தேங்கா ஒடச்சன், இவ எஞ்சினுக்கு சந்தனம் குங்குமம் வச்சா. எல்லாம் சரியாத்தான் செஞ்சோம்."

"ஒரு எடம் விடாம வச்சன்" என்றார் சென்னம்மாள் பெருமிதத்துடன். "எண்ண ஊத்தற மூடி, அந்த பெரிய பல்லுசக்கரம், எல்லாத்துக்கும்."

தில்ஷாத்தின் கை, வாய்க்கருகே சென்ற களி உருண்டையோடு ஒரு கணம் நின்றது. பின்பு அவள் சாப்பிட்டு முடித்தாள்.

ஒரு மணிக்கு மூடியைக் கழற்றினாள். மற்றவர்கள் அவளைச் சூழ்ந்து நின்றனர். பெல்ட் பூண்ட பெரிய பல்சக்கரத்தை அடையாளம் மேலே வரும்வரை கையால் சுற்றினாள். சிவப்புப் புள்ளியிட்ட பல் ஒன்று, எஞ்சின்மீதுள்ள கோட்டுக்கு நேராக வந்து நின்றது. பார்த்தவர்க்கு எல்லாம் சரியாகவே தோன்றும். அந்தப் பல்லுக்குப் பக்கத்துப் பல்லை, காய்ந்து வெடித்த சந்தனக் குழம்பு முழுவதுமாக மூடியிருந்தது.

நடந்தது இதுதான். சக்கரத்தில் கம்பெனி குத்திய அடையாளம் தேய்ந்திருந்ததால், தில்ஷாத் அதைத் தடவித் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பல்லில் தன் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். பெல்ட் மாட்டுவதற்கு முன் பூசை நடந்தது. சென்னம்மாளின் கட்டைவிரல் அந்தப் பல்லின்மீதே சந்தனத்தை அப்பியது. அதன்மேல் வைத்த குங்குமம், எண்ணெய்ப்பசையில் வழுக்கிப் பக்கத்துப் பல்லில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் பெல்ட் மாட்டியபோது தில்ஷாத் அந்தச் சந்தனத்தைத் துடைக்கவில்லை. அடுத்தவர் வைத்த பொட்டை ஒரு துலுக்கச்சி அழித்தாள் என்ற சொல்லுக்கு இடம் தரலாகாது. அதைவிட, அவர்கள் மனமார வைத்ததை அழிக்க அவளுக்கே கை வரவில்லை. தொழிற்சாலை வரிசையில், வண்ணப்புள்ளி இட்ட பாகத்தை அடுத்து நிற்பவர் மறுமுறை சோதிப்பதில்லை. அந்தப் பழக்கத்தில், கண்ணுக்குத் தெரிந்த சிவப்பைத் தன் சிவப்பென்றே நம்பினாள்.

"சென்னம்மாக்கா, இந்த சந்தனத்த தொடைக்கணும். தொடைக்கட்டுமா?"

"இத ஏன் எங்கிட்ட கேக்கற? தொட."

பெட்ரோலில் நனைத்த துணியால் முதலில் வெளியே தெரிந்த சிவப்புப் புள்ளியைத் துடைத்தாள். அது முழுதும் துணியோடு வந்துவிட்டது. பின்பு சந்தனத்தைத் துடைத்தாள். அதனடியில், எத்தனை முறை துடைத்தும் அழியாமல், நகப்பூச்சின் சிவப்பு மின்னியது.

குருமூர்த்தி முதலில் புரிந்துகொண்டார். "அட!" என்றார். அதற்குமேல் சொல்ல முற்பட்டவரை லால் பாஷா முந்திக்கொண்டான்.

"பெல்ட்டு மாட்டினது நாந்தாண்ணா. இவ புள்ளி வச்சிருந்தா, நான் கவனிக்காம..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தில்ஷாத். அவள் குரல் உயரவில்லை. "பெல்ட்ட மாட்டினது நான். அக்கா, உங்க குங்குமம் பக்கத்து பல்லுல ஒட்டிக்கிச்சு. பொட்டு வச்சது நீங்க. அத புள்ளின்னு நம்பினது நான். மாட்டறதுக்கு முன்ன ஒருக்கா தொடச்சு, குத்தின அடையாளத்த வெரல்ல தடவி பாத்திருக்கணும். பாக்கல. அவரு டிஸ்ட்ரிபியூட்டர தள்ளினதுகூட என் தப்ப மூடறதுக்கு தெரியாம பண்ணது. எஞ்சின் என்னுதுன்னு சொன்னன். தப்பும் என்னுதுதான்."

சென்னம்மாள் தம் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பொட்டாலயா? அய்யோ தேவரே! ஏண்டி, நீ அப்பவே தொடச்சு எறிஞ்சிருக்கலாமில்ல? சாமிக்கு எஞ்சின் வெளிய எடமா இல்ல?"

"மனசு வரலக்கா."

"நல்லா வரல போ! பூ வெந்து போச்சு, என் குண்டியும் வெந்து போச்சு!"

வெங்கடப்பன் மனைவியை அதட்ட வாயெடுத்து, சிரிப்பை அடக்க இயலாமல் திரும்பி நின்றார். பின்னர் குருமூர்த்தியிடம் கேட்டார்.

"நீ சொல்லு குரு. இந்த பொண்ணு சொல்றது நெசமா?"

குருமூர்த்தி குனிந்து சக்கரத்தின் பல்லை விரலால் தடவினார். கேலி செய்வதற்கான வாய்ப்பு அவர் முன் முழுதாகத் திறந்து கிடந்தது. ஆனால் முப்பது ஆண்டுகள் இரும்பைத் தொட்ட கை அவருடையது.

"நெசந்தான். நானா இருந்தா ஹெட்ட கழட்டியிருப்பன். கழட்டினாலும் இது தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, கைகழுவும் சாக்கில் தம் பட்டறைக்குச் சென்றார்.

பெல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரு பல் பின்னுக்குத் திருப்பி, மீண்டும் இறுக்கினாள். எஞ்சினை இரண்டு முழுச்சுற்றுக் கையால் சுற்றி, நகப்பூச்சை நம்பாமல், குத்திய அடையாளத்தை விரல்நுனியால் தடவித் தடவிச் சரிபார்த்தாள். டிஸ்ட்ரிபியூட்டரை வாஷரின் பழைய தடத்திற்கே கொண்டுவந்தாள். கைவிளக்கு, அதே இடத்தில், சரியென்று மின்னியது. சைலன்சரை லால் பாஷா திரும்ப மாட்டினான். தார்ப்பாய்க்குள் ஐந்து நிமிடம் எஞ்சின் ஓடிற்று. குழாய் கறுப்பாகவே இருந்தது.

"நின்ன எடத்துல சும்மா ஓடறது பெருசில்ல" என்றார் வெங்கடப்பன். மணி இரண்டு ஆகியிருந்தது. "லோடு ஏத்தி, மதகொண்டப்பள்ளி ஏரிக்கர மேடு ஏறணும். அங்க கறுப்பா இருந்தா நான் ஒத்துக்கறன். செவந்துச்சுன்னா அங்கேர்ந்தே ஆனேக்கல்லுக்கு ஆள கூப்புடுவன்."

"சரிண்ணா. நானே ஓட்டறன்" என்றாள் தில்ஷாத்.

வழியில் ஒரு கடையில் வெங்கடப்பன் கடலைப்புண்ணாக்கு எட்டு மூட்டைகளை ஏற்றினார். சென்னம்மாள் தளிப் பேருந்தில் முன்னே சென்றுவிட்டிருந்ததால், முன்னிருக்கையில் வெங்கடப்பனும், பின்னால் மூட்டைகளின்மேல் முதுகு வளைத்து லால் பாஷாவும் அமர்ந்தனர். கோஸ் வயல்களின்மீது மாலை வெயில் சாய்ந்திருந்தது. பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள் காற்றில் உப்பி அடங்கின. ஏரிக்கரை மேட்டில் தில்ஷாத் இரண்டாம் கியருக்கு மாற்றி, வேகத்தைச் சிறிதும் குறைக்காமல் உச்சிவரை ஏற்றி, ஒரு புளியமரத்தின் அடர்நிழலில் நிறுத்தினாள்.

மூவரும் இறங்கினர். அவள் இருக்கையைத் தூக்கவில்லை; வெங்கடப்பனையே தூக்கச் சொன்னாள். அவர் தூக்கி, துண்டால் இருபுறமும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, தலையை உள்ளே நுழைத்து வெகுநேரம் பார்த்தார். இருக்கையை மூடி, சாக்கைப் பின்னால் எறிந்துவிட்டு, வெறும் இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

"வண்டிய எடும்மா."

மேடு இறங்கி, தளி எல்லையை நெருங்கும்போது அவர் கைபேசி ஒலித்தது. மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டும் முனிசாமி பேசினார். அவர் குரல் வண்டி முழுதும் கேட்டது.

"என்னாப்பா, வண்டிய ஆனேக்கல்லுக்கு இழுத்துக்கினு போயிட்டன்னு சொன்னாங்க?"

"எவன் சொன்னது? வண்டி ஊருக்கு வந்துக்கினு இருக்குது. எட்டு மூட்ட லோடு. ஏரிக்கர மேட்ட சும்மா அனாயாசமா ஏறிச்சு."

"பாஷா சரி பண்ணிட்டானா?"

வெங்கடப்பன் ஓட்டுபவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஷா இல்லய்யா. எஞ்சின் கட்டின மேஸ்திரியே ஓட்டிக்கினு வராங்க."

"மேஸ்திரியா? யாரு? அப்ப பாஷா எங்க?"

"பாஷா பின்னால புண்ணாக்கு மூட்ட மேல ஒக்காந்துக்கினு வரான்."

"அண்ணா!" என்று மூட்டைகளின்மேலிருந்து லால் பாஷா கத்தினான். "அந்தாளுக்கு காது மந்தம். பேர சொல்லி, இன்னும் சத்தமா சொல்லுங்க!"

வெங்கடப்பன் கைபேசியை வாய்க்கருகே கொண்டுசென்று, சாலையோரத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்க்கும்படி, உரக்கச் சொன்னார்.

தில்ஷாத் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் மூன்றாம் கியருக்கு மாற்றினாள்.